துடைப்பத்துக்கு வாரிசு உண்டு, பென்சனுக்கு இல்லை

எங்கள் அப்பா நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்த தேதி இரண்டு. ஒன்று, அவர் உண்மையில் வாளியும் துடைப்பமும் எடுத்த 1974. இன்னொன்று, பணிப்பதிவேட்டில் எழுதியிருந்த 1986. இடையில் உள்ள பன்னிரண்டு வருடம் அவர் எங்கே இருந்தார்? தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு மேஸ்திரி முன்னால் நின்று பேர் கொடுத்தார். சாக்கடை வாரினார். எடுப்புக் கக்கூஸ் அள்ளினார். ஆனால் கணக்கில் அவர் இல்லை. இந்தப் பன்னிரண்டு வருடத்தைத் தேடி அலைந்த கதைதான் இது. என் அப்பா ஒருவரின் கதை என்று நினைத்து எழுதவில்லை. இந்த நாட்டில் பென்சன் என்ற சொல் யாருக்காக உண்டானது, யாரை வாசலில் நிறுத்தியது என்ற வரலாறு அந்தப் பன்னிரண்டு வருடத்துக்குள் கிடக்கிறது.

நாங்கள் அருந்ததியர். கொங்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரம். ஊருக்குள் எல்லோரும் பேசுவது தமிழ், எங்கள் வளவுக்குள் தெலுங்கு. ஆபீசில் அப்பா பேசிய மொழி மூன்றாவது. அதில் இரண்டே சொல்தான் இருந்தன: "சரிங் சாமி", "ஆவட்டுங் சாமி".

பன்னிரண்டு வருடச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அரசுக் கணக்கில் 'சில்லறைச் செலவு' என்று ஒரு தலைப்பு உண்டு. மை, காகிதம், விளக்குக்கு எண்ணெய், துடைப்பம் வாங்கும் செலவெல்லாம் அதில் வரும். துடைப்பம் பிடிக்கிற ஆளின் கூலியும் அதிலேயே வரும். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு அது. மற்ற ஊழியருக்குப் பதவி உண்டு, பதவிக்குச் சம்பளம் உண்டு, சம்பளத்துக்குப் பென்சன் உண்டு. கூட்டுகிறவனுக்குப் பதவியே இல்லை. துடைப்பம் தேய்ந்தால் வேறு துடைப்பம் வாங்குவார்கள், ஆள் தேய்ந்தால் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். இரண்டும் ஒரே தலைப்பில் எழுதப்பட்ட செலவுதான்.

பதவி உள்ளவர்களுக்குள்ளும் 'மேல்நிலைப் பணி', 'கீழ்நிலைப் பணி' என்று பிரித்து வைத்துத்தான் ஆங்கிலேயன் ஓய்வூதிய விதி எழுதினான். வருணத்தை நாம் மட்டும்தான் எழுதுவோம் என்று நினைத்தால் தப்பு, கணக்குப் பிள்ளையும் எழுதுவான். 1871-இல் வந்த ஓய்வூதியச் சட்டம் இன்னொரு காரியம் செய்தது. பென்சன் கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போகக்கூடாது என்றது. சர்க்கார் மனம் இரங்கிக் கொடுப்பது, கொடுத்தால் வாங்கிக்கொள், கொடுக்காவிட்டால் கும்பிடு. எங்கள் வளவில் பண்ணையார் பொங்கலுக்குக் கொடுக்கிற வேட்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சுதந்திரம் வந்து இருபத்து நாலு வருடம் கழித்து, 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் பென்சன் என்பது பிச்சை அல்ல, உரிமை என்றது. 1982 டிசம்பர் 17-இல் நகரா வழக்கில் இன்னும் விரிவாகச் சொன்னது: வேலை செய்த காலத்துக்குத் தரப்படும் கூலியின் பாக்கிதான் பென்சன். அந்த நாளை ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும், நல்லதுதான். அந்த 1982 டிசம்பரில் எங்கள் அப்பா எட்டு வருடமாகச் சில்லறைச் செலவாக இருந்தார்.

1999 மழைக்காலத்தில் அப்பாவுக்குக் காலில் கண்ணாடி குத்தியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் அடைத்துக்கொண்ட சாக்கடையில் இறங்கியிருந்தார். கையுறை, பூட்ஸ் எல்லாம் ரிஜிஸ்டரில் கொடுத்ததாக இருந்தது, காலில் இல்லை. மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடுக்கிற சட்டம் 1993-லேயே வந்துவிட்டது. அதுவும் காகிதத்தில் இருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததே அந்தப் புண் ஆறாமல் போனபோதுதான் தெரிந்தது. முதலில் விரல், பிறகு பாதம். 2000-இல் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் அப்போது பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஆபீசில் கூப்பிட்டு அனுப்பினார்கள். அப்பாவை வெளித்திண்ணையில் உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே போனேன். அப்பா வயதில் பாதிகூட இல்லாத குமாஸ்தா, அப்பாவைப் பேர் சொல்லித்தான் பேசினார்.

"கால் போயிருச்சு. இனி என்ன பண்றது? மெடிக்கல் போர்டுக்கு எழுதிக் குடுத்து அன்ஃபிட்னு வாங்கிட்டா பென்சன் வரும். வாரிசுக்கு வேலையும் வரும். நீ இல்லீன்னா உங்கண்ணன். யோசிச்சு ரெண்டு நாள்ல கையெழுத்துப் போடச் சொல்லு."

வெளியே வந்து சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "எவ்வளவு பென்சனாம்?"

அந்தக் கேள்வியை நான் கேட்டுவிட்டு வரவில்லை. காலேஜ் படிக்கிறவனுக்குத் தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றியது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு சங்கத்துக்காரர். எங்கள் சாதி இல்லை, ஆனால் எங்கள் வீட்டில் சோறு தின்கிறவர். ஒரு பழைய நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978-இல் வந்தவை. நகராட்சி ஊழியருக்கும் கணக்கு அதையொட்டித்தான். முப்பது வருடம் வேலை பார்த்தவனுக்குச் சம்பளத்தில் பாதி முழுப் பென்சன். பத்து வருடத்துக்குக் குறைந்தால் மாதப் பென்சனே இல்லை. இடையில் உள்ளவனுக்கு எத்தனை வருடமோ அத்தனை பங்கு. உடம்பு முடியாமல் போகிறவனுக்குத் தருவது 'இயலாமை ஓய்வூதியம்'. பெயர்தான் வேறே தவிர, அதுவும் வருடக் கணக்குத்தான். கால் போனதற்கென்று அதில் ஒரு ரூபாய் கூடாது.

"உங்கப்பன் சம்பளம் நூறு ரூபான்னு வெச்சுக்க. எஸ்.ஆர்.ல பதினாறு வருசம் இருக்குது. ஆனா இவன் ஆஸ்பத்திரியில கிடந்தது, புண்ணோட வீட்ல கிடந்தது, முன்னால காய்ச்சல்ல வராம விட்டது, அத்தனையும் 'வரவில்லை'ன்னு எழுதி வெச்சிருக்கான். அதக் கழிச்சா பதினாலரை. அப்ப இருபத்திநாலு ரூபா வரும். அவ்வளவுதான். இப்பக் கையெழுத்துப் போட்டா இதுதான் சாகற வரைக்கும்."

அப்பாவுக்கு ஒரு யோசனை இருந்தது. "பி.எஃப்.பக் கூட்டிக் கட்டினா பென்சன் கூடுமுங்ளா?" வளவில் பலருக்கும் இந்த நம்பிக்கை இருந்தது. சங்கத்துக்காரர் சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னார். பி.எஃப். வேறு பானை, பென்சன் வேறு பானை. பி.எஃப்.பில் எவ்வளவு போட்டாலும் போட்டதும் வட்டியும்தான் ஒரே தடவையாக வரும். மாதாமாதம் வருவதைக் கூட்ட வேண்டுமென்றால் பணம் போட்டு ஆகாது, வருடத்தைக் கூட்ட வேண்டும். உழைத்த வருடம்தான் ஏழையின் பென்சன் நிதி. அதைத்தான் திருடியிருக்கிறார்கள், அதைத்தான் தேட வேண்டும்.

தேட இரண்டு இடம் இருந்தது.

ஒன்று, லீவு. சம்பளமில்லா விடுப்பு என்றாலும் மருத்துவச் சான்றிதழோடு எடுத்திருந்தால் அந்தக் காலம் பென்சனுக்குச் சேரும். சான்றிதழ் இல்லாவிட்டால் சேராது. எங்கள் ஆட்கள் காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கி முழுங்கிவிட்டுப் படுப்பார்கள். சான்றிதழ் கேட்டு டாக்டர் முன்னால் நிற்கிற பழக்கம் இல்லை, நின்றாலும் தொடாமல் பார்க்கிற டாக்டர்தான். பெரியாஸ்பத்திரியில் அறுவைக்கு இருந்த நாட்களுக்கு டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது. அம்மா அதை அரிசிப் பானைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். "முத்திரை போட்ட காயிதம் கண்ணு, கழிக்கக் கூடாது" என்றாள். மற்ற நாட்களுக்கு ஆஸ்பத்திரி ரிக்கார்டிலிருந்து நகல் வாங்க ஐந்து மாதம் நடந்தேன். பதினாலரை மறுபடி பதினாறு ஆனது.

இன்னொன்று, அந்தப் பன்னிரண்டு வருடம். 1978 விதிகளில் 11-ஆவது விதி சொல்கிறது: சில்லறைச் செலவுக் கணக்கில் கூலி வாங்கிய காலத்தில் பாதி பென்சனுக்குச் சேரும். முழுநேர வேலையாக இருக்க வேண்டும், தொடர்ச்சியாக இருக்க வேண்டும், இடைவெளி இல்லாமல் நிரந்தரமாகியிருக்க வேண்டும். ஏன் பாதி? மற்றவர் ஒரு வருடம் வேலை செய்தால் ஒரு வருடம், எங்கள் அப்பா ஒரு வருடம் மலம் அள்ளினால் ஆறு மாதமா? இந்தக் கேள்விக்கு எந்த விதியிலும் பதில் இல்லை. பாதியாவது உண்டு என்று இருக்கிறதே என்று அன்று சந்தோஷப்பட்டோம். எங்கள் சந்தோஷம்கூடப் பாதிக் கணக்கில்தான் வரும்.

அந்தப் பாதிக்கும் சாட்சி கேட்டார்கள். மஸ்டர் ரோல் எங்கே? 1974 முதல் 1978 வரை உள்ளது கரையான் தின்றுவிட்டது என்றார்கள். மீதி, பழைய கட்டடத்து மாடியில் கிழிந்த மூட்டைகளாகக் கிடந்தது. சங்கத்துக்காரரும் நானும் எங்கள் வளவுப் பையன்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பிரித்தோம். ஒவ்வொரு மாதத்திலும் அப்பா பேருக்கு நேராக ஒரு கைரேகை. சில மாதங்களில் இரண்டு நாள் பேர் வெட்டியிருந்தது. வேலை செய்யாததால் அல்ல. தொடர்ச்சி வந்துவிடக் கூடாது என்பதற்காக மேஸ்திரியிடம் சொல்லி வெட்டுவார்கள். அப்பா அந்த இரண்டு நாளும் வேலைக்குப் போயிருந்தார், கூலிதான் இல்லை. அந்த வெட்டுகளுக்கெல்லாம் விளக்கம் எழுதிக் கொடுத்தோம். கடைசியில் எட்டு வருடத்தை ஒத்துக்கொண்டார்கள். எட்டில் பாதி நாலு. பதினாறும் நாலும் இருபது. நூற்றுக்கு இருபத்திநாலாக இருந்த பென்சன் முப்பத்திமூன்று ஆனது.

இதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது. அந்த இரண்டு வருடமும் அப்பா கையெழுத்துப் போடவில்லை. வீட்டில் வருமானம் இல்லை. அண்ணன் மூட்டை தூக்கினான், அம்மா வீடுகளில் கூட்டினாள். வட்டிக்காரர் வாசலில் உட்கார்ந்து, "பென்சன் வந்ததும் பாஸ்புக்க எங்கிட்டக் குடுத்தரோணும்" என்றார். பென்சனை ஜப்தி செய்யக் கூடாது, முன்கூட்டி எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று அதே 1871 சட்டத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் எழுதியதில் எங்களுக்கு உதவிய ஒரே வரி அதுதான். 2002-இல் போர்டு முன்னால் கட்டைக்காலோடு நின்று, ஐம்பத்திரண்டாவது வயதில் அப்பா வெளியே வந்தார்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அடுத்த வருடம்தான் தோற்றது தெரிந்தது.

2003 பிப்ரவரியில் குணால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அவர் ஒரு மத்தியப் படைக் காவலர். பணியில் அடிபட்டுக் கால் போனது. இயலாமை ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நீதிமன்றம் அப்படி அனுப்பியது செல்லாது என்றது. காரணம், 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. வேலையில் இருக்கும்போது ஊனமடைந்தவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. அவரால் முடிந்த வேறு வேலையை அதே சம்பளத்தில் கொடுக்க வேண்டும். அப்படி வேலை இல்லையென்றால், ஓய்வு வயது வரை கூடுதலாக ஒரு பதவியையே உண்டாக்கி அதில் வைக்க வேண்டும். பென்சன் வாங்கிவிட்டார் என்பதற்காக இந்த உரிமை போய்விடாது.

இந்தச் சட்டம் 1996 பிப்ரவரியிலேயே நடைமுறைக்கு வந்தது. அப்பாவின் கால் போனது 2000-இல். அந்த நாலு வருடத்தில் அந்த ஆபீசில் யாருமே அதைப் படிக்கவில்லையா? படித்திருப்பார்கள். கால் போன குமாஸ்தாவுக்கு நாற்காலி உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். கால் போன தோட்டியை நாற்காலியில் உட்கார வைப்பது என்ற எண்ணம்தான் அவர்கள் தலையில் ஏறியிருக்காது. வாட்ச்மேனாக வைத்திருக்கலாம், தண்ணீர்த் தொட்டிக்குக் காவல் வைத்திருக்கலாம். தண்ணீர்த் தொட்டிக்கு எங்கள் ஆளா? அதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அப்பாவுக்கு அறுபது வயது ஆகிற 2010 வரை வைத்திருந்தால் எட்டு வருடச் சம்பளம். பென்சனுக்கு இருபத்தெட்டு வருடம். நூற்றுக்கு முப்பத்திமூன்று அல்ல, நாற்பத்தாறுக்கு மேல். நாங்கள் இரண்டு வருடம் கரையானோடு போராடி நாலு வருடத்தை மீட்டோம். ஒரு பக்கத்தைப் படித்திருந்தால் எட்டு வருடம் சும்மாவே கிடைத்திருக்கும். படித்த மகன் வீட்டில் இருந்தும் அப்பாவுக்கு அந்தப் பக்கத்தைக் காட்ட ஆளில்லை. இதை நான் யார் மேலும் போட முடியாது.

இன்னொரு முடிச்சையும் மறைக்கக் கூடாது. 47-ஆவது பிரிவு கேட்டிருந்தால் அண்ணனுக்கு வாரிசு வேலை வந்திருக்காது. 'கருணை அடிப்படை' என்று அதற்குப் பெயர். அப்பன் காலையும் மகன் சோற்றையும் ஒரே தட்டில் வைத்து, எது வேண்டும் என்று கேட்கிற கருணை. மற்ற சாதிக்காரன் வீட்டில் குமாஸ்தா செத்தால் மகன் குமாஸ்தா ஆவான். எங்கள் வீட்டில் துடைப்பம்தான் வரும். தொழில் பிறப்பால் வருவதில்லை என்று மேடையில் பேசுகிறோம். ஆணை எண் போட்டு, முத்திரை வைத்து, பிறப்பால் தொழில் கொடுத்த ஆபீஸ் எங்கள் ஊரில் இருந்தது. அப்பா என்னைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்: "நீ வேண்டாம்." அண்ணனைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அண்ணன் இன்று வரை மறக்கவில்லை.

அண்ணன் 2004-இல் சேர்ந்தான். அதே வார்டு, அதே சாக்கடை. ஆனால் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்சன் கிடையாது என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டிருந்தது. சம்பளத்தில் பத்து சதவீதம் பிடித்து, அரசும் அதே அளவு போடுகிற பங்களிப்புத் திட்டம். அப்பாவின் துடைப்பம் அவனுக்கு வந்தது, அப்பாவின் பென்சன் விதி வரவில்லை. உடம்பு முடியாமல் வெளியே போகிறவனுக்கு அந்தத் திட்டத்தில் சேர்ந்த தொகைதான், மாதப் பென்சன் இல்லை. அதை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் இருபது வருடத்துக்கு மேல் போராடினார்கள். அரசு குழு மேல் குழு போட்டது. மேடைகளில் பேசியவர்கள் பெரும்பாலும் நாற்காலி ஊழியர்கள். நாற்காலியில் உடம்பு அறுபது வரை தாங்கும், சாக்கடையில் நாற்பத்தைந்திலேயே ஓய்ந்துவிடும் என்பதை அவர்கள் பேசி நான் கேட்கவில்லை.

அண்ணனுக்காவது அரசு ஆணை என்று ஒரு காகிதம் உண்டு. அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் காண்ட்ராக்ட். 2000-இல் சென்னையில் மூன்று மண்டலங்களின் குப்பையைத் தனியாருக்குக் கொடுத்ததிலிருந்து அது ஊர் ஊராகப் பரவியது. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்களே, இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று. அது வேலைக்கான போராட்டம் மட்டுமல்ல. எங்கள் அப்பாவின் 1974-க்கு எங்களைத் திருப்பி அனுப்பாதே என்கிற போராட்டம். நள்ளிரவில் போலீஸ் வைத்து அப்புறப்படுத்தினார்கள்.

காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்குப் பி.எஃப். உண்டு என்பார்கள். அந்தச் சட்டம் 1952-இல் வந்தபோது தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். அதற்கு முன் 1942 முதல் 1946 வரை வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் பொறுப்பு அம்பேத்கரிடம். தொழிலாளர் நலச் சட்டங்களின் அஸ்திவாரத்தில் தீண்டப்படாதவர் இரண்டு பேர் நின்றிருக்கிறார்கள். ஆனால் பி.எஃப். முதலில் ஆறு தொழில்களுக்கு மட்டும்: சிமெண்ட், சிகரெட், பொறியியல், இரும்பு, காகிதம், நெசவு. வயலும் சாக்கடையும் அதில் இல்லை. 1995 நவம்பரில் பி.எஃப்.போடு பென்சன் திட்டமும் வந்தது.

எங்கள் வளவில் ஒரு அக்கா பதினொரு வருடம் காண்ட்ராக்டில் கூட்டினார். மூன்று காண்ட்ராக்டர், மூன்று பி.எஃப். நம்பர். முதல் காண்ட்ராக்டர் போனபோது, பணம் வருகிறது என்று சொல்லி ஒரு பாரத்தில் கைநாட்டு வாங்கினார்கள். பென்சன் கணக்கையும் சேர்த்து முடித்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. நாலு வருடம் போனது. மீதி ஏழு. 1995 திட்டத்தின் கணக்குப்படி மாதப் பென்சனுக்குப் பத்து வருடம் வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் உள்ள மிச்சத்தை ஒரு வருடமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் ஒன்பதரை போதும். அந்தக் கைநாட்டு இல்லாமல் மூன்று நம்பரையும் ஒன்றாக்கியிருந்தால் அவருக்குப் பென்சன் உண்டு. பணத்தை எடுக்காமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தாலும் உண்டு. வேலையில் இருக்கும்போதே முழுமையாக, நிரந்தரமாக இயலாதவரானால் ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலே பென்சன் உண்டு என்றும் அதே திட்டத்தில் இருந்தது. வேலையை விட்டு நின்ற பிறகு கேட்டால் இல்லை. அக்கா முதுகு ஒடிந்து, நின்றுவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

1995 சட்டத்தின் இடத்தில் 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலும் 20-ஆவது பிரிவில் அதே பாதுகாப்பு இருக்கிறது. 2023 அக்டோபர் 20-இல் உச்ச நீதிமன்றம், பாதாளச் சாக்கடையில் இறங்கி நிரந்தரமாக ஊனமுற்றவருக்குக் குறைந்தது இருபது லட்சம் என்றது. எல்லாம் எழுதியிருக்கிறது. நம்மிடம் வந்து சேர்வதற்குள் நாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

அதனால் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற மாணவர்களையும் தோழர்களையும் ஒன்று கேட்கிறேன். நினைவேந்தலுக்கு வளவுக்கு வருகிறீர்கள், வாருங்கள். வரும்போது ஒரு நோட்டும் கொண்டு வாருங்கள். யார் எந்த வருடம் சேர்ந்தார், எந்தக் காண்ட்ராக்டர், எந்த நம்பர், எந்த நாள் ஆஸ்பத்திரி என்று எழுதுங்கள். உடம்பு முடியாதவரிடம் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு ராத்திரி அதைப் படித்துச் சொல்லுங்கள். கரையான் நமக்கு முன்னால் படித்துவிடும்.

அப்பா 2013-இல் செத்தார். அம்மாவுக்குக் குடும்பப் பென்சன் வருகிறது. ஒன்றாம் தேதி பேங்குக்குப் போகும்போது அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் பையில் எடுத்துப் போகிறாள். அது இனித் தேவையில்லை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். கேட்பதில்லை. போன மாதம் அண்ணன் வந்திருந்தான். முட்டி வீங்கியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"இதுல கையெழுத்துப் போடச் சொல்றாங்கடா. என்னன்னு பாரு."

கண்ணாடியைத் தேடினேன். அம்மா உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.